திரும்பி வரும்போது வாசிக்கிற பாட்டு

1

இரண்டு வாரத்துக்கு முன் மெல்பர்னில் எங்கள் பகுதி நூலகத்தில் நின்று நான் கத்திவிட்டேன். வாசலருகே அங்கே ஒரு மேசை உண்டு. யாரும் இரவல் கேட்காத பழைய புத்தகங்களை, வேண்டியவர் எடுத்துப் போகட்டும் என்று அதில் பரப்பி வைப்பார்கள். நாய் வளர்ப்பு, கம்பளிப் பின்னல், வெள்ளைக்காரச் சமையல் என்று புரட்டிக்கொண்டே வந்தவள், அடியில் கிடந்த தடித்த நீல அட்டையைப் பார்த்ததும் "ஐயோ, அப்பா!" என்று அலறினேன். நூலகப் பெண் ஓடி வந்தாள். நாற்காலி வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா, மகனுக்குப் போன் செய்யட்டுமா என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் தாயே, இதில் கடைசிப் பக்கம்வரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல் என்றேன். அவளே புரட்டிப் பார்த்து, எல்லாம் இருக்கிறது என்றாள்.

ஜாஸ் இசையைப் பற்றியும் அதை வாசித்த மனிதர்களைப் பற்றியும் பல பேர் எழுதியவற்றைச் சேர்த்துப் போட்ட ஆங்கிலத் தொகுப்பு அது. ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில், கேமரன் மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இதே புத்தகம் இருந்தது. அதில் பாதியைத்தான் நான் படித்தேன். மீதிப் பாதியை மாரி அண்ணன் புகையிலை சுருட்டி ஊதித் தள்ளிவிட்டார்.

மலையில் இருந்துகொண்டு இதைப் படிக்கிற உங்களுக்கு இடத்தைச் சொன்னால் புரியும். கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வண்டியை நிறுத்துவீர்கள் அல்லவா, அதைத் தாண்டி கோலா தெர்லா போகிற வழியில் மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தகரக் கூரைத் தொழிற்சாலை, அதற்குக் கீழே வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள், லயம் முடிகிற இடத்தில் ஒரு வளைவு. வளைவுக்கு அந்தப் பக்கம் சுடுகாடு. எங்கள் ஆட்கள் புதைத்தாலும் அதைச் சுடுகாடு என்றுதான் சொல்வார்கள்.

என் வீட்டுக்காரர் சுப்பையா காலமாகி அந்த வாரத்தோடு ஒரு வருடம் முடிந்தது. இந்தக் கதையில் கார்னெட் ஊதுகிறவர் அவர்தான். கார்னெட் என்றால் ட்ரம்பெட்டுக்குத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் இந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது தற்செயல் என்கிறான் மகன் குமார். இருந்துவிட்டுப் போகட்டும்.

2

அப்பா தோட்டத்துக் கிராணி, கணக்கு எழுதுகிறவர். சாயங்காலம் கையெழுத்துக்காகத் தாள்களை எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்குப் போவார். தோட்டத்தை நடத்திய அந்த வெள்ளைக்காரத் துரை ஜாஸ் பைத்தியம். கிராமபோனில் தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அப்பா வராந்தாவில் நிற்பார். துரை கையெழுத்துப் போட்டு முடித்ததும் "சரி கிராணி" என்பார். உடனே கிளம்பிவிட வேண்டும். இப்படி ஒரே பாட்டின் முதல் பாதியை அப்பா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், பின்பாதியை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"துரை கொஞ்சம் மெதுவா கையெழுத்துப் போடக் கூடாதா அம்மாடி?" என்று என்னிடம் அலுத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து அந்தப் பாதியை முனகிக் காட்டுவார். மேலே மேலே ஏறிப் போகிற மெட்டு அது. ஏறி உச்சிக்குப் போனதும் அப்பா நிறுத்திவிடுவார். மாடிப்படியின் நடுவில் விட்டுவிட்டுப் போனது போல எனக்கு எரிச்சலாக வரும். "ஒரே ஒரு தடவ முழுசா கேட்டுட்டா போதும்லா, அப்புறம் ஒண்ணும் வேணாம் எனக்கு" என்பார்.

ஜப்பான்காரன் வந்தான், துரை சிங்கப்பூருக்கு ஓடினார். பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியேறினான். கிராமபோன், தட்டுகள் எல்லாம் போயின. ஜாஸ் எதிரியின் இசை, அதை வாசிக்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று உத்தரவு. ஆங்கிலப் புத்தகம் வைத்திருப்பதும் ஆபத்து. உத்தரவை மீறுகிறவனை சயாம் ரயில்பாதை போட அனுப்புவார்கள் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை.

துரை விட்டுப்போன சாமான்களில் இந்த நீலப் புத்தகம் கிடந்திருக்கிறது. அப்பா அதை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டு வந்து, தொழிற்சாலையில் ஒரு பழைய தேயிலைப் பெட்டிக்குள் ஒளித்தார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புகை பிடிப்பது மாரி அண்ணனின் வழக்கம். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிக்கிறவர் அவர்தான். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அவர் தப்புதான். கடையில் சுருட்டுத்தாள் கிடைக்காத காலம். மெல்லிசான தாள் கண்ணில் பட்டால் விடுவாரா? பின்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்து ஊதியிருக்கிறார். அப்பா கண்டுபிடித்தபோது பாதிப் புத்தகம் காற்றில் போயிருந்தது.

"கொலகாரா! என்னா காரியம் பண்ணிட்ட?" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு என்னாங்க ஐயா தெரியும்? ஆனா நல்ல தாளுங்க. இருமலே வரல" என்றார் மாரி அண்ணன்.

3

அப்பாவுக்கு அப்போது வந்த யோசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பாட்டுத் தட்டு இல்லை, கேட்க வழியில்லை. ஆனால் அந்த மாதிரிப் பாட்டை எப்படி வாசிப்பார்கள் என்று எழுதிய புத்தகம் இருக்கிறது. கான்வென்ட் மூடிவிட்டதால் இங்கிலீஷ் படித்த மகள் வீட்டில் சும்மா இருக்கிறாள். தொழிற்சாலையில் மெஷின் பார்க்கும் சுப்பையா துரைமார் கிளப்பில் வால்ட்ஸ் ஊதிய ஆள், கார்னெட்டை விறகுக் கட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறான். மாரி இருக்கிறான். படித்தே வாசித்துவிட்டால் என்ன?

தேயிலை உருட்டுகிற மெஷின் ஓடும் நேரம்தான் எங்கள் நேரம். அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே கேட்காது. நான் பெட்டி மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் தமிழில் உரக்கச் சொல்வேன். ஒருவர் எழுதியிருந்தார், கார்னெட்காரன் ஒரு கேள்வி கேட்பான், மற்றவன் பதில் சொல்வான் என்று. "அட, இது நம்ம லாவணி சண்டைதானே!" என்று மாரி அண்ணன் துள்ளிக் குதித்தார். இன்னொருவர், தாளம் ஒரு மயிரிழை பிந்தித்தான் விழ வேண்டும், அதில்தான் சுகம் என்று எழுதியிருந்தார்.

"பிந்தி வந்தா கங்காணி அரைப்பேரு போட்டுடுவாரு தங்கச்சி, பாதிக் கூலி போயிடும்" என்றார் மாரி அண்ணன்.

அப்போதுதான் அப்பா கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். உருட்டு மெஷினைக் காட்டினார். அதில் ஒரு பல் தேய்ந்திருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டக் என்று விழுந்து, கொஞ்சம் தயங்கி, கடக் என்று எழும்பும். டக்... கடக். டக்... கடக். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். "இதான்லா! துரை தட்டுல கேட்டது இதேதான்!" என்று கத்தினார். மாரி அண்ணன் மெஷினோடு சேர்ந்து அடிக்க ஆரம்பித்தார். பல் தேய்ந்த மெஷின் எங்கள் பேண்டில் ஐந்தாவது ஆள்.

கார்னெட்டின் வாயைத் தொப்பியால் மூடித் திறந்தால் அது அழும், சிரிக்கும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. சுப்பையா தேயிலை ருசி பார்க்கிற பீங்கான் கிண்ணத்தை வைத்து மூடினார். கார்னெட் குழந்தை மாதிரி சிணுங்கியது. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஊரெல்லாம் மரவள்ளிக்கிழங்கு தின்று பயந்து கிடந்த நாட்களில் நாங்கள் இப்படி இருந்தோம் என்று சொன்னால் நம்புவீர்களா?

அப்பா தன் பாதிப் பாட்டை முனகுவார், சுப்பையா அதை ஊதுவார். உச்சியில் போய் நின்றுவிடுவார்.

"மீதிய நீயே போடு சுப்பையா. அவனவன் மனசுலேருந்துதான் வாசிப்பான்னு புத்தகத்துல போட்டிருக்குல்ல?"

"ஐயா கேக்காதத நான் எப்படி ஊதுறது? தப்பாப் போயிடும்" என்பார் சுப்பையா. அதில் மட்டும் அவர் பிடிவாதம்.

எங்களிடம் மிஞ்சியிருந்த கடைசித் தாள் சாவு ஊர்வலத்தைப் பற்றியது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் என்ற ஊரில் பிணத்தோடு பேண்டும் நடந்து போகும் என்று நான் படித்தேன். அடக்கம் செய்யக் கொண்டுபோகும்போது வாத்தியக்காரர்கள் என்று தொடங்கிய வாக்கியம் அதோடு நின்றது. அடுத்த பக்கம் மாரி அண்ணனின் நெஞ்சுக்குள் போயிருந்தது.

"ஆடிக்கிட்டே போவாங்க. வேறென்ன?" என்றார் அவர். எங்களில் யாருக்கும் அதில் சந்தேகமே வரவில்லை. தப்பு முழங்க, ஆட்டத்தோடு பிணம் போகும், அடக்கம் முடிந்தால் தப்பு வாய் திறக்காது, ஆட்கள் குளித்துவிட்டுச் சத்தமில்லாமல் வீடு வருவார்கள். நம் பழக்கம் அதுதானே. அமெரிக்காக்காரனும் அப்படித்தான் செய்வான் என்று முடிவு கட்டினோம். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "என்னைக் கொண்டு போறப்ப இப்படியே வாசிங்க. அந்தப் பாட்ட வாசிங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

4

இங்கே மெல்பர்னில் வருஷ திதிக்குக் கல்லறையில் கல் நாட்ட வேண்டும் என்றால்கூட ஒரு பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். ஆள் எத்தனை, வண்டி எத்தனை, பூ உண்டா, இசை உண்டா? புத்தகம் கிடைத்த மறுநாள் நானே கல்லறை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இசை உண்டு, ஆனால் போகும்போது இல்லை, திரும்பும்போது என்றேன். அந்தப் பக்கத்தில் இருந்த பெண் மரியாதையாக, அதற்கு இதில் கட்டம் இல்லையே அம்மா என்றாள். சடங்கின்போது இசை என்று ஒரு கட்டம், இசை இல்லை என்று ஒரு கட்டம், அவ்வளவுதானாம். நான் இரண்டிலும் குறி போடச் சொன்னேன்.

குமார் தலையில் அடித்துக்கொண்டான். இங்கே படிக்க வந்து தங்கிவிட்டவன். அப்புறம் எங்களை வரவழைத்துக்கொண்டான். வந்த புதிதில் தமிழில் கோபித்துக்கொள்வான், இப்போது அதற்கும் இங்கிலீஷ்தான். "அம்மா, ப்ளீஸ். போம்போதும் வேணாம், வரும்போதும் வேணாம். எல்லாரும் பார்ப்பாங்க" என்று இங்கிலீஷில் சொன்னான். போன வருடம் அவன் அப்பாவைக் கறுப்புக் கோட்டுக்காரர்கள் சத்தமில்லாத காரில் கொண்டுபோனார்கள். நாங்கள் சத்தமில்லாமல் திரும்பி வந்தோம். கார்னெட் கேரேஜில் கிடக்கிறது. சின்ன வயதில் பள்ளிக்கூட பேண்டில் ஊதியவன்தான் குமார். அப்பாவின் கார்னெட்டை அவன் தொட்டே பல வருடம் ஆகிறது.

சுப்பையா மட்டும் சாகும்வரை அந்தப் பாதி மெட்டைச் சீழ்க்கையடித்துக்கொண்டே இருந்தார். டிராமுக்கு நிற்கும்போது, தோட்டத்தில் தண்ணீர் விடும்போது, எப்போதும். உச்சிக்குப் போய் நிறுத்திவிடுவார். "மீதியையும் ஊதித் தொலையுங்களேன்" என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். "அது ஐயாவுக்கே தெரியாது சரசு" என்பார்.

5

அப்பா மலைக்காய்ச்சலில் போனார். கொய்னா மருந்து கிடைக்கவில்லை. கடைசி நாளில் சுப்பையாவின் கையைப் பிடித்து, "வாசிப்பதானே?" என்று கேட்டார். "வாசிப்பேன் ஐயா" என்றார் அவர்.

ஊர்வலத்துக்கு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கங்காணி போய், தப்பு மட்டும் என்று சொல்லி வாங்கி வந்தார். அம்மா அழுகையை நிறுத்திவிட்டு சுப்பையாவைக் கூப்பிட்டாள். "தம்பி, போனவரு போயிட்டாரு. அந்தக் குழல எடுக்காதப்பா. ஒன்ன சயாமுக்கு ஏத்திட்டா ஒங்க ஆத்தாவுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

"வாக்கு குடுத்துட்டேன்மா" என்றார் சுப்பையா.

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. லயம் முடியும் இடத்தில் நாங்கள் நின்றுவிட்டோம். பாடை வளைவைத் தாண்டியது. மாரி அண்ணனின் தப்பு மட்டும் கேட்டது. டக்... கடக். டக்... கடக். தொழிற்சாலை மெஷினின் தாளம்! அது எனக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம் கார்னெட் எழுந்தது. கிண்ணம் இல்லை, மூடல் இல்லை. மலை முழுக்கக் கேட்கிற மாதிரி திறந்த தொண்டையில் அப்பாவின் மெட்டு ஏறியது. பிணம் போகிற வழியில் இப்படி ஒரு துள்ளலா என்று பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் அழுதேன், சிரித்தேன், அப்பா அப்பா என்று கத்தினேன்.

அப்போது கீழ்ச்சாலையில் அதிகாரியின் கார் வந்தது. எங்களைக் கடந்து வளைவுக்குள் போனது. கொஞ்ச நேரத்தில் கார்னெட் நின்றுவிட்டது.

வளைவுக்கு அந்தப் பக்கம் நடந்ததை சுப்பையா பிறகு சொல்லித்தான் தெரியும். அதிகாரி இறங்கி நேராகக் கார்னெட்டைப் பார்த்திருக்கிறான். எல்லோரும் தலை குனிந்துவிட்டார்கள். மாரி அண்ணன் மட்டும் நிறுத்தவில்லை. சாவு ஊர்வலத்தில் எதிரே யார் வந்தாலும் தப்புக்காரன் அவர் முன்னால் போய் ஆடுவது நம் வழக்கம் அல்லவா? அதிகாரி முன்னால் போய், குனிந்து, வளைந்து, தப்பை அவன் மூக்குக்குக் கீழே நீட்டி ஆடினாராம். "என்ன இது?" என்று அவன் மொழிபெயர்ப்பாளனைக் கேட்டான். "சாவு மேளம். குழிக்குப் போறதுக்குள்ள நிறுத்தினா ஆத்துமா வழி தவறிடும்" என்று கங்காணி வாய்க்கு வந்ததைச் சொன்னார். அதிகாரி பாடையைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றான். அவன் பூட்ஸ் தாளம் போட்டது என்பார் மாரி அண்ணன். அது அவர் கதை.

எங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கார்னெட் நின்றது, தப்பு தனியாக அடித்தது, பிறகு கார்னெட் மறுபடியும் எழுந்தது. அதே மெட்டு, அதே உச்சி. அதற்கப்புறம் எதுவும் இல்லை. அடக்கம் முடிந்திருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். சுட்டுட்டானுங்களோ என்று இன்னொருத்தி சொன்னாள். அம்மா வாசலில் கால் கழுவத் தண்ணீர் வாளி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றாள். திரும்பி வருகிறவர்களின் சத்தம் எதுவும் இல்லை. வழக்கப்படி அவர்கள் வாய் திறக்காமல் ஓடையில் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அன்றைக்கு அந்த அமைதி எங்களைக் கொன்றுவிட்டது. சாயங்காலம் மங்கும் நேரத்தில் வளைவில் முதல் தலை தெரிந்தபோது, அம்மா வாளியின் மேலேயே சரிந்து விழுந்தாள். புருஷனுக்காக அவள் அப்படி அழவில்லை, உயிரோடு வந்தவர்களைப் பார்த்து அழுதாள்.

6

நூலகத்திலிருந்து வந்ததும் நான் மாரி அண்ணன் ஊதிய பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். அடக்கம் செய்யக் கொண்டுபோகும்போது வாத்தியக்காரர்கள், என்று தொடங்கும் வாக்கியம், மெதுவாக, துக்கமாக வாசிப்பார்கள் என்று முடிந்தது. ஆட்டமும் துள்ளலும் அடக்கம் முடிந்து திரும்பும்போதுதானாம். தெருமுனை வந்ததும் முழு பேண்டும் கிளம்புமாம், வீட்டில் இருப்பவர்கள் வாசலுக்கு ஓடி வருவார்களாம்.

நாங்கள் தலைகீழாகச் செய்திருக்கிறோம்! எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அப்பா கேட்டால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அப்புறம் வாளியோடு நின்ற அம்மா நினைவுக்கு வந்தாள். அந்தப் பாட்டு செத்தவனுக்கு மட்டும் இல்லை. இதோ வருகிறோம், பத்திரமாக வருகிறோம் என்று வீட்டில் நிற்கிறவளுக்குச் சொல்லத்தான். அது எங்கள் லயத்துக்குக் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கல் நாட்டினோம். நான் மடியில் பிஸ்கட் டின் ஒன்றை வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருந்தேன். குமார் அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்தான். கல்லறையில் அதை நான் தொடவில்லை. பாரத்தில் கட்டம் இல்லையே. திரும்பும் வழியில் அம்மா வாளியோடு நின்ற கதையை அவனுக்குச் சொன்னேன். அதுவரை நான் அதை அவனிடம் சொன்னதே இல்லை.

வண்டியின் வேகத்தைக் குறைத்தான். "பாட்டி எவ்ளோ நேரம்மா நின்னாங்க?" என்று தமிழில் கேட்டான்.

"இருட்டற வரைக்கும்."

எங்கள் தெருமுனையில் காரை ஓரம் கட்டினான். "இறங்குங்கம்மா" என்றான். பின்கதவைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த கார்னெட்டை எடுத்தான். காலையிலேயே எடுத்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல்! ஊதினான். மாடு கத்துவது போல ஒரு சத்தம் வந்தது. எதிர்வீட்டுக் கிழவர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். குமார் உதட்டை நனைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினான். அப்பாவின் மெட்டு! அவன் அப்பாவின் சீழ்க்கையிலேயே வளர்ந்தவனுக்கு யார் சொல்லித்தர வேண்டும்? நான் பிஸ்கட் டின்னை அடித்தேன். டக்... கடக். டக்... கடக். நடுத்தெருவில் நடந்தோம்.

மெட்டு ஏறியது. உச்சிக்குப் போனது. நான் நிறுத்தக் கையைத் தூக்கினேன். குமார் நிறுத்தவில்லை. அங்கே என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது. இருந்தாலும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தப்பும் தவறுமாக, தடுமாறி, மேலேயிருந்து இறங்கினான். ஒவ்வொரு படியாக, கடைசிப் படிவரை.

மருமகள் ஹெலன் வாசலில் நின்றாள். நான் சொல்லி வைத்தபடி கால் கழுவத் தண்ணீர் வாளியைக் கையில் வைத்திருந்தாள். வெள்ளைக்காரப் பெண், பாவம், ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, கை தட்டிக்கொண்டே தெருவுக்கு ஓடி வந்தாள்.